நாற்பது மூட்டைப் புளியும் நான்கு பிறப்பிடங்களும்

1

"தாங்கள் முகவராகக் கையெழுத்திட்டு இறக்குமதி செய்த நாற்பது மூட்டைப் புளியின் பிறப்பிடம் குறித்து ஐயம் எழுந்துள்ளது. முப்பது நாட்களுக்குள் விளக்கம் வராவிட்டால் சரக்கு திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும்."

துறைமுகச் சுங்க அலுவலகத்தின் கடிதம் இது. தேதி மார்ச் 5, செவ்வாய். என் கைக்கு வந்தது மார்ச் 7, வியாழன் மாலை. உறையின் மேல் அந்தத் தேதியை எழுதிவைத்துவிட்டுத்தான் படித்தேன். படித்துவிட்டு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறப்பில் சந்தேகம் இருக்கிறது என்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் காவல் நிலையம் வரை போக வேண்டியிருக்கும். இங்கே ஒரு புளியைப் பார்த்து அச்சடித்த தாளில் சொல்கிறார்கள், கீழே "தங்கள் உண்மையுள்ள" என்றும் போடுகிறார்கள்.

இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் சிறிய நிறுவனத்தில் எழுத்தராக இருக்கிறேன். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அலுவலகத்தில் பார்த்ததை வெளியில் எழுத மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குளிர், மழை, காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கும் பழக்கம், இவை மூன்றும் உள்ள நாடு. அப்படி ஏழெட்டு இருக்கின்றன. வாசகர் தமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

2

புளிக்கு முன்னால் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வளர்ந்துவரும் அயல்நாட்டுச் சந்தைகளோடு வணிகத்தையும் முதலீட்டையும் பெருக்க வேண்டும் என்று இந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எங்கள் அலுவலகத்தில் அதை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான் ஒருவன்தான். இயற்றியவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சாரம் எளிது. மிக ஏழை நாடுகளின் சரக்குக்கு இறக்குமதித் தீர்வை இல்லை. ஓரளவு ஏழை நாடுகளுக்குக் குறைந்த தீர்வை. மற்றவர்களுக்கு வாழ்த்து. நம் நாடு நடுப்பட்டியலில் இருக்கிறது. இதற்குக் கைமாறாக, இந்த நாட்டு முதலாளிகள் அங்கே போய் முதல் போடுவதற்கு வழிகாட்ட ஓர் அலுவலகமும் திறந்திருக்கிறார்கள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். அதன் மேல் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள். நம் கொடி குத்தியிருந்த துண்டை மரியாதையாக எனக்குக் கொடுத்தார்கள். கேக்கைத் தின்றுவிடலாம். தேசியக் கொடியைக் குப்பையில் போடுவது எப்படி? சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சட்டை துவைக்கப் போனதும் கொடி இயற்கையாகவே மறைந்தது.

என் மகள் சபியாவுக்குப் பதினாறு வயது. இந்தச் சட்டம் அவள் பள்ளியில் விவாதத் தலைப்பாகவும் ஆனது. எதிர்த்துப் பேசும் அணியில் அவள். நான் வீட்டில் சொன்ன கதைகளிலிருந்து என் அக்காவை எடுத்துக்கொண்டு போய் உதாரணமாக நிறுத்திவிட்டு வந்தாள். பரிசும் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பேசும்போது, தன் தமிழில் அதை விளக்கப் பார்த்தாள்.

"மாமி, நீங்க ஒரு வளர்ந்துவரும் சந்தை."

"நானா? நான் வளந்து முடிச்சி, முட்டி தேஞ்சிக்கினு இருக்கேன். உங்க அத்தாகிட்ட சொல்லு, எண்ணெய்க்கு எதுனா அந்தச் சட்டத்துல இருக்கான்னு."

சபியா பாதி புரிந்து முழுதாகச் சிரித்தாள். அவள் தமிழ் இப்போது அந்த அளவில் நிற்கிறது. கேட்பாள், கொஞ்சம் பேசுவாள், படிக்க மாட்டாள். கள்ளக்குறிச்சியை "உங்க ஊர்" என்பாள். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

3

அக்கா பெயர் சமீமா. எங்கள் மூவரில் நடு. மூத்தவர் காதர் அண்ணன். கடைசி நான். அத்தாவின், அதாவது எங்கள் தந்தையின், மளிகைக் கடை கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இருக்கிறது. மலைச்சரக்குக்குப் பெயர் பெற்ற கடை: கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், சாமை, தேன். அத்தா படுத்த நாளிலிருந்து கடையைத் திறப்பதும் பூட்டுவதும் அக்காதான். புளிக் காலத்தில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் போய், மலைப் பெண்கள் கொட்டை எடுத்து வட்டமாகத் தட்டி வைத்திருக்கும் புளியை வீடு வீடாகப் பார்த்து எடுத்து வருவாள். வடக்கனந்தல் தாண்டும்போதே பேருந்தில் எல்லோருக்கும் அன்றைய புளி நிலவரம் தெரிந்துவிடும். அவள் குரல் அப்படி.

அத்தா இறந்த பிறகு காதர் அண்ணனுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கனவு வந்தது. கைப்பேசிக் கடை. கண்ணாடிக் கதவு. நீல விளக்கு. சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிறு, இருவரும் கடையில் நின்று பேசியதை நான் இங்கிருந்து கைப்பேசியில் பார்த்தேன். அன்றே குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

"இப்ப எவன் புளி வாங்கறான்?" என்றார் அண்ணன். "பாக்கெட்ல பொடி வாங்கிக்கினு போய்க்கினே இருக்கான். இந்த எடத்துல செல்லு கடை வெச்சா தெருவே நிக்கும்."

"தெரு இப்பவும் நின்னுக்கினுதாண்ணே இருக்கு. உங்க வண்டிய நடுவுல நிறுத்திட்டு வந்திருக்கீங்க."

அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். உண்மைதான். இரண்டு ஆட்டோக்காரர்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபத்தில்தான் அவர் பந்தயத்தைக் கட்டினார் என்பது என் கருத்து.

"தம்பி இருக்கற ஊருக்குப் புளி அனுப்பப் போறேன்னு சொல்லிக்கினு திரியறியே. அனுப்பு. நோன்புப் பெருநாளுக்குள்ள அந்தப் புளி அந்த ஊரு கடையில ஒக்காரட்டும். கடை உன்னுது, நான் வாயே தொறக்க மாட்டேன். ஒக்காரலன்னா சாவி எனக்கு."

"சரிங்கண்ணே. தம்பி சாட்சி."

நான் சாட்சியாக மட்டும் இருந்திருக்கலாம். இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் பேசி, நாற்பது மூட்டைக்கு ஒப்புதல் வாங்கி, மேலாளரிடம் அனுமதி பெற்று, முகவராக நானே கையெழுத்தும் போட்டேன். புதிய சட்டத்தின் கீழ் எங்கள் நிறுவனம் செய்யும் முதல் விண்ணப்பம் இதுதான் என்று மேலாளர் கைகுலுக்கினார்.

4

கடிதம் வந்த மறுவாரம் சுங்கக் கிடங்குக்குப் போனேன். அதிகாரி உயரமான பெண்மணி. நீலக் கையுறை போட்டிருந்தார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, உள்ளே பாலித்தீன் உறையில் இருந்த புளியை எடுத்து மேசையில் வைத்திருந்தார். காலிச் சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். பெரிய பச்சை எழுத்தில் பிரெஞ்சு மொழியில் அச்சாகியிருந்தது: பெனின் நாட்டு விளைபொருள். பக்கத்தில் ஒரு முந்திரிப் பழத்தின் படம்.

"பெனினோடு உங்களுக்கு என்ன தொடர்பு?"

"இந்த நிமிடம் வரை எதுவும் இல்லை."

"நாற்பது சாக்கிலும் இருக்கிறது. நாற்பதையும் யாரோ திருப்பி, எழுத்தை உள்ளே மறைத்துத் தைத்திருக்கிறார்கள்."

அடுத்து அவர் காகிதங்களைப் பரப்பினார். கடையின் பழைய உரிமத்தில் மாவட்டம் தென்னார்க்காடு. உறவைக் காட்ட நான் இணைத்திருந்த என் பழைய கடவுச்சீட்டில் விழுப்புரம். அக்காவின் ஏற்றுமதிப் பதிவில் கள்ளக்குறிச்சி.

"கடை எத்தனை முறை இடம் மாறியது?"

"ஒரு முறையும் இல்லை. மாவட்டம்தான் மாறியது. 1993இல் ஒரு முறை, 2019இல் ஒரு முறை."

"நீங்கள் அசையவில்லை, மாவட்டம் அசைந்தது?"

"ஆமாம்."

அவர் அதை எழுதிக்கொண்டார். ஆக, ஒரே புளிக்கு மூன்று மாவட்டங்களும் மேற்கு ஆப்பிரிக்கா ஒன்றும் சேர்ந்து நான்கு பிறப்பிடங்கள்.

ஆனால் அவரைக் குழப்பியது வேறு. பெனின் மிக ஏழை நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் புளிக்குத் தீர்வையே இல்லை. திருடுகிறவன் இந்தியப் புளியைப் பெனின் புளி என்று சொல்வான். நாங்களோ, சாக்கை நம்பினால், பெனின் புளியை இந்தியப் புளி என்று சொல்லி, கட்ட வேண்டாத தீர்வையைக் கட்ட வந்திருக்கிறோம்.

"தனக்கே நட்டம் வரும்படி ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை," என்றார் அவர். குரலில் லேசான வருத்தம் இருந்தது.

"அம்மா, நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடைத்தெருவில் இருப்பவர்கள். ஏமாற்றினாலும் அந்தத் திசையில் ஏமாற்ற மாட்டோம்."

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

5

அக்காவை அழைத்தேன். கடையில்தான் இருந்தாள்.

"அக்கா, சாக்கு எங்க வாங்கின?"

"பண்ருட்டியில. முந்திரி வருதில்ல, கப்பல்ல? அந்தச் சாக்கு. கல்லு மாதிரி இருக்கும். இன்னா, கிழிஞ்சிடுச்சா?"

பண்ருட்டி முந்திரிப் பட்டறைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வருவதும், காலியான சாக்குகள் சுற்றுவட்டாரம் முழுக்கக் கைமாறுவதும் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நெல், மிளகாய், புளி எல்லாம் அந்தச் சாக்கில்தான். பெனினும் கானாவும் ரிஷிவந்தியம் வரை வந்து திரும்புகின்றன. எவரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

"புதுச் சாக்கு வாங்கக் கூடாதா?"

"புதுச் சாக்குல எண்ணெய் வாடை அடிக்கும்டா. புளி ஏத்துக்கும். பழசுதான் நல்லது."

"சரி, அதை ஏன் திருப்பித் தெச்ச? மறைச்ச மாதிரி இருக்குங்கறாங்க."

"நீதானடா சொன்ன."

"நானா?"

"நீதான். வெளிய எந்த எழுத்தும் தெரியக் கூடாதுன்னு. நானும் ரெண்டு பொம்பளைங்களும் ஒக்காந்து மூணு நாளு கோணூசில குத்திக்கினு இருந்தோம். நாப்பது சாக்கு. வெரலப் பாரு." கைப்பேசியில் விரலைக் காட்டினாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நான் அனுப்பும் எல்லாச் செய்திக்கும் அதில் படி இருக்கும். இருந்தது. என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: "மூட்டையின் வெளிப்பக்கம் வேறு நிறுவனப் பெயர், எழுத்து, படம் எதுவும் தெரியக் கூடாது. மிக முக்கியம்." வேறு எழுத்து இல்லாத சாக்கை வாங்கு என்ற பொருளில் எழுதியது. சாக்கைத் திருப்பினால் எழுத்து தெரியாது என்பது எங்கள் கடைத்தெருவில் பிறந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுக் குளிர் அதை மறக்கடித்துவிட்டது.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நேத்து வந்தாரு. டேப்பு எடுத்துக்கினு வந்து செவுத்த அளக்கறாரு. கண்ணாடிக் கதவு எத்தன அடின்னு. நானும் ஒரு முனையப் புடிச்சிக்கினேன். வயசானவரு, பாவம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பேச்சை முடிக்கும்போது வழக்கமாகச் சொல்லும் வசவைச் சொல்லவில்லை. "பாத்து செய்டா" என்று மட்டும் சொன்னாள்.

6

விளக்கப் படிவத்தில் பதினான்காம் கேள்வி: பொதிகட்டும் முறை குறித்து ஏற்றுமதியாளருக்கு அறிவுறுத்தியவர் யார்?

"எவரும் இல்லை" என்று எழுதினால் மறைத்தது அக்கா என்று ஆகும். சரக்கு திரும்பும், சாவி கைமாறும். "நான்" என்று எழுதினால் என் கையெழுத்து உரிமை போகும். சாப்பாட்டு மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறிப்பேட்டில் இருந்த வரியை நான் வாசித்துச் சொல்ல, சபியா இந்த நாட்டு மொழியில் அழகாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதுல தப்பு உங்களுதுதான், அத்தா," என்றாள் எழுதி முடித்து.

"தெரியுது."

"அப்புறம் என்ன யோசிக்கிறீங்க? மாமி விரல் பார்த்தீங்களா?"

விவாதத்தில் பரிசு வாங்கும் பெண்ணை வீட்டில் வைத்திருப்பதில் இது ஒரு சங்கடம். "நான்" என்று எழுதி, குறிப்பேட்டுப் பக்கத்தின் படியை இணைத்தேன். மகள் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது என்று அலுவலகம் திருப்பியது. அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டுமாம். அவர் செய்த மொழிபெயர்ப்பு சபியா எழுதியதை விட மோசம். அது இங்கே பொருட்டல்ல.

பொருட்டானது அந்த மொழிபெயர்ப்பாளர் கிடங்குக்கு வந்த நாளில் நடந்தது. யார் அறிவுறுத்தினார்கள் என்பது தெரிந்துவிட்டது, புளி எங்கே விளைந்தது என்பது தெரியவில்லையே என்றார் அதிகாரி. மூட்டைகளுக்குள் இருந்த பாலித்தீன் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும், புளிக்கு நடுவே, பாலித்தீனில் மடித்த ஒரு துண்டுச்சீட்டு இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தா காலத்து வழக்கம். மூட்டைக்குள் புளி தட்டியவள் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு போகும். கல்லோ கொட்டையோ அகப்பட்டால், வாங்கியவர் யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமல்லவா? மொத்தமாகக் கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை என்பது அத்தாவின் கொள்கை.

நான் வாசிக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். சின்னப்பொண்ணு, வெள்ளிமலைப் பக்கம். ஆண்டிச்சி, அதே ஊர், கீழ்த்தெரு. ஏற்றுமதிப் பட்டியலில் அக்கா இணைத்திருந்த பெயர்களோடு அதிகாரி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினேழாம் சீட்டில் மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"பாப்பாத்தி. கொட்டை இருந்தால் என்னைக் கேள். கல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரியைக் கேள், அவள்தான் உப்புக் கொடுத்தாள்."

"முழுவதையும் பதிவு செய்யுங்கள்," என்றார் அதிகாரி.

நாற்பது சீட்டும் முடிந்தபோது அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். சட்டம் நாட்டைத்தான் கேட்டது. அக்கா ஆளையே வைத்து அனுப்பியிருந்தாள். அதுவும் குற்றவாளியின் பக்கத்து வீடு உட்பட.

7

தீர்ப்பு ஏப்ரல் 3, புதன்கிழமை வந்தது. சுருக்கமாக: புளி இந்தியப் புளிதான். சரக்கு விடுவிக்கப்படுகிறது. ஆனால் பொதியின் மேல் பிறப்பிட அடையாளம் மறைக்கப்பட்டிருந்ததால் புதிய சட்டத்தின் சலுகை கிடையாது. வழக்கமான தீர்வை கட்ட வேண்டும். ஆக, வணிகத்தைப் பெருக்க வந்த சட்டம் ஒரு மாதம் வழிமறித்து நின்றது. அது விலகியதும் வணிகம் நடந்தது. என் கையெழுத்து உரிமை ஆறு மாதம் நிறுத்தப்பட்டது. இப்போது மற்றவர்கள் கையெழுத்திட்ட தாள்களுக்குத் துளையிட்டுக் கோப்பில் சேர்க்கிறேன். மேலாளர் என் மேசையைக் கடக்கும்போது மன்னிப்புக் கேட்கிறார்.

யாழ்ப்பாணத்து நண்பர் சலுகை போனதைப் பெரிதுபடுத்தவில்லை. "புளி நல்ல புளி. அந்தச் சீட்டுகளையும் தாங்கோ, கடையிலை ஒட்டி வைக்கிறன். அடுத்த முறை அறுபது மூட்டை சொல்லுங்கோ, பாப்பாத்தியின்ரை புளி எப்பிடியும் வேணும்" என்றார். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய அலமாரியில் புளி உட்கார்ந்தது. படம் எடுத்து இருவருக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பினேன்.

பெருநாளுக்கு மறுநாள் காலைத் தொழுகை முடிந்து அண்ணன் பேசினார். குரலில் வெற்றி இருந்தது.

"சாவி எங்கிட்டதான்டா இருக்கு. நேத்தே குடுத்துட்டா."

உடனே அக்காவை அழைத்தேன். பின்னால் பேருந்து இரைச்சல்.

"ஆமாண்டா, குடுத்துட்டேன். அறுபது மூட்ட கேட்டாங்கன்னா இங்க ஒக்காந்துக்கினு எப்படி? நான் மலைக்குப் போய்க்கினு இருக்கேன். எட்டு மணிக்குக் கடைய யாராச்சும் தொறக்கணும்ல? அண்ணன் சும்மாதான இருக்காரு."

"அந்தக் கைப்பேசிக் கடை?"

"அதுவா? வெச்சிக்கங்கண்ணேன்னு சொன்னேன். கடுக்கா மூட்டைக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடிப் பொட்டி. நாலு செல்லு கவர் தொங்குது. நல்லாத்தான் இருக்கு."

அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் கடந்தன. மூன்றிலும் அண்ணனைக் கைப்பேசியில் பார்த்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை சாமை நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு முறை, அக்கா மலையிலிருந்து சொல்லி அனுப்பிய பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்து எங்கள் மூவரிலும் அழகானது. உரிமப் புதுப்பிப்பு அக்கா பெயரில் வந்துவிட்டது. அதன் படி என்னிடம் இருக்கிறது.

கடை தன்னுடையது என்று அண்ணன் இன்னும் சொல்லிவருகிறார். பந்தயத்தில் தோற்றது அவருக்குத் தெரியுமா என்பதை மட்டும் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.